இரண்டாவதாக வருவதற்கு ஒரு பந்தயம்

…சொல்லிவிட வேண்டும், இன்றைக்குக் கட்டாயம் சொல்லிவிட வேண்டும், முடிவுக்கோட்டைத் தாண்டிய கையோடு, மூச்சு நிதானத்துக்கு வருவதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மூச்சு திரும்பும்போது மரியாதையும் கூடவே திரும்பி வந்துவிடும், அப்புறம் என் வாயிலிருந்து ‘சரிங்க சார்’ என்பதைத் தவிர வேறெதுவும் வராது, ஒன்பது வருஷமாக அப்படித்தான் ஆகிறது, ஒவ்வொரு வருஷமும் இதே சாலையில், இந்த மூடிக்கிடக்கும் சினிமாக் கொட்டகைக்குப் பக்கத்தில் வரும்போது இதே வாக்கியத்தைத்தான் தயார் செய்துகொண்டு வருகிறேன், ‘சார், இதோட நிறுத்திக்கிறேன்’, மூன்றே வார்த்தை, இதைச் சுமந்துகொண்டு இருபத்தோரு கிலோமீட்டர் வருகிறேன், கோட்டைத் தாண்டியதும் யாரோ கழுத்தில் மெடலை மாட்டுகிறார்கள், யாரோ கையில் வாழைப்பழத்தைத் திணிக்கிறார்கள், வாய் நிறைய வாழைப்பழத்தோடு ராஜினாமா செய்த மனிதன் உலகத்தில் எவனாவது உண்டா… ஆனால் இந்த வருஷம் தப்பிக்க முடியாது, வீட்டுக்காரி வருகிறாள். விடியற்காலையில் என் முட்டிக்குப் பட்டையைச் சுற்றிக்கொண்டே சொன்னாள், “இன்னைக்குச் சொல்றீங்க. நானே அங்க வந்து நிக்கிறேன், என் கண்ணு முன்னாடி சொல்லணும். சொல்லலேன்னா அடுத்த வருஷம் இந்தப் பட்டையை உங்க மேனேஜரே வந்து சுத்திவிடட்டும்.” ஒன்பது வருஷமாக ஒருமுறைகூடப் பார்க்க வராதவள். நான் வாங்கிய ஒன்பது தங்க மெடலில் ஒன்று குளியலறைக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க அதன் கைப்பிடியில் தொங்குகிறது, மற்றவை எங்கே என்று அவளைத்தான் கேட்க வேண்டும், நான் கேட்டதில்லை, கேட்டால் அவற்றுக்கும் ஏதாவது உருப்படியான வேலை கொடுத்திருப்பது தெரியவரும்.

முட்டி இப்போதே முனக ஆரம்பித்துவிட்டது. எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இதை வச்சுக்கிட்டா ஓடுறீங்க?” என்று கேட்டார், ஏதோ திருட்டுப் பொருளை வைத்திருப்பவனைக் கேட்பதைப் போல, இன்னும் ஒரு வருஷம் இப்படி ஓடினால் முட்டியையே மாற்ற வேண்டியிருக்கும் என்றார், நானும் தலையாட்டிவிட்டு மறுநாள் பயிற்சிக்குப் போனேன்… சிரிக்காதீர்கள், பயிற்சி ஞாயிற்றுக்கிழமை, அன்றைக்கு லீவு போட முடியாது, ஆபீசுக்கு லீவு உண்டு, கிளப்புக்குக் கிடையாது. நான் வேலை பார்ப்பது மெத்தைக் கம்பெனியில். முப்பது வருஷமாக மனிதர்கள் படுப்பதற்கு மெத்தை செய்கிற இடத்தில் இருந்துகொண்டு, இந்த ஒன்பது வருஷத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட, சன்னல் வழியாக வெயில் வந்து முகத்தில் அடிக்கிற வரைக்கும் என் மெத்தையில் நான் புரண்டதில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். உலகம் சுற்ற வேண்டாம், பேர் வேண்டாம், வெயில் முகத்தில் அடிக்க வேண்டும், ‘மணி என்ன’ என்று கேட்க வேண்டும், ‘எத்தனை ஆனா என்ன, படுங்க’ என்று அவள் சொல்ல வேண்டும்.

எல்லாம் ஒரு பஸ்ஸால் வந்தது. அன்றைக்கு அந்த டிரைவர் ஒரு நிமிஷம் நின்றிருந்தால் என் வாழ்க்கை வேறு மாதிரி இருந்திருக்கும். கம்பெனி வாசலில் கிளம்பிவிட்ட பஸ்ஸை, டிபன் பாக்ஸும் குடையுமாக, துரத்திப் பிடித்து ஏறினேன், அதை மாடியிலிருந்து பர்சனல் மேனேஜர் பார்த்துவிட்டார். மறுநாள் கூப்பிட்டு அனுப்பினார், வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன், போயிருந்தால்கூட இன்னொன்று கிடைத்திருக்கும். அவர்தான் கம்பெனியின் ஓட்டக் கிளப்புக்கும் செயலாளர். ஊரில் இருக்கிற ஓட்டக் கிளப்புகளெல்லாம் வேகமாக ஓடுவது எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்தபோது எங்கள் மேனேஜர் ஒருவர்தான் உட்கார்ந்து விதிமுறைப் புத்தகத்தைப் படித்தார். ‘அனைத்துப் பிரிவு சாம்பியன்’ கோப்பை வேகமான கிளப்புக்கு இல்லை, ஆண், பெண், இளைஞர், ஐம்பது வயதுக்கு மேற்பட்டோர் என்று எல்லாப் பிரிவிலும் ஒருவரையாவது ஓடி முடிக்க வைக்கிற கிளப்புக்கு, பிரிவில் முதலாவது வந்தால் ஐந்து பாயிண்ட், இரண்டாவது வந்தால் மூன்று, ஏதாவது ஒரு பிரிவில் ஆள் வந்து சேரவில்லையென்றால் அந்தக் கிளப் மொத்தமாகக் கணக்கிலேயே இல்லை. ஐம்பதுக்கு மேற்பட்ட ஆள் வேறு எந்தக் கிளப்பிலும் இல்லை, எங்களிடம் பஸ்ஸைத் துரத்துகிற ஒருவன் இருந்தான். ஆக நான் முதலாவது வருவேன், யாரைவிட என்று கேட்கக்கூடாது, என் பிரிவில் ஓடியவன் நான் ஒருவன்தான், முதலாவதும் நான்தான், கடைசியும் நான்தான், நடுவிலும் நானே. கிளப் பையன்கள் எனக்கு ‘அஞ்சு பாயிண்ட் அண்ணன்’ என்று பேர் வைத்தார்கள், மரியாதையாகத்தான், மளிகைக் கடையில் எடைக்கல்லுக்கு ஒரு மரியாதை உண்டல்லவா, அது மாதிரி.

பிறகு அலமாரி வந்தது. கம்பெனி வாசலில் நுழைந்ததும் இடது பக்கம், கண்ணாடிக் கதவு போட்டு, பத்து மாடம் வைத்த அலமாரி, ஒவ்வொரு மாடத்துக்கும் ஒரு குட்டி விளக்கு, ஒன்பதில் கோப்பை நிற்கிறது, பத்தாவது காலி, அந்தக் காலி இடத்துக்கும் போன வருஷத்திலிருந்து இரவும் பகலும் விளக்கு எரிகிறது, வருகிறவர்களிடம் முதலாளி அதைத்தான் முதலில் காட்டுகிறார், “இது எங்க அடுத்த வெற்றி” என்று, வெறும் வெளிச்சத்தைப் பார்த்துக் கைகுலுக்குகிறார்கள். அவர் எழுதிய வாசகம்தான் என் முதுகில் அச்சாகியிருக்கிறது, ‘நாடு ஓடட்டும், நாங்கள் தாங்குவோம்’. ஆண்டு விழாவில் மைக்கைப் பிடித்தால் எங்கள் மெத்தையின் தரத்துக்கும் எங்கள் வீரர்களின் உறுதிக்கும் உள்ள உறவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார், கேட்டுக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருக்க வேண்டும், கெண்டைக்கால் பிடித்துக்கொண்டாலும் முகத்தில் உறுதி தெரிய வேண்டும்.

“அங்கிள், கொஞ்சம் வேகமா!” பின்னால் வண்டியிலிருந்து அந்தப் பெண் ஒலிபெருக்கியில் கூப்பிடுகிறாள். இது கடைசி வண்டி, ஓட முடியாமல் உட்கார்ந்துவிட்டவர்களை அள்ளிப் போட்டுக்கொண்டு வருவது, கெடு நேரத்துக்குள் முடிக்க என்ன வேகத்தில் போக வேண்டுமோ அதே வேகத்தில் மாடு மாதிரி அசைந்து வரும், அது நம்மைத் தாண்டிவிட்டால் நம் கதை முடிந்தது. ஒன்பது வருஷமாக இந்த வண்டிதான் என் துணை, வருஷா வருஷம் வண்டியில் பெண் மாறும், ஒலிபெருக்கி மாறும், முன்னெல்லாம் ‘சார்’ என்றார்கள், இப்போது ‘அங்கிள்’, இன்னும் ரெண்டு வருஷத்தில் ‘தாத்தா’ என்பார்கள், அதற்குள் சொல்லிவிட வேண்டும். என் பிரிவில், கம்பெனியில் என்று சொல்கிறேன், ஒரு மெஷின் இருக்கிறது, பெரிய மர உருளை, ஒரு மெத்தையை அடியில் வைத்துவிட்டால் அதன் மேல் இப்படியும் அப்படியுமாக உருண்டுகொண்டே இருக்கும், பகலெல்லாம், மெத்தை ஒரு விரற்கடை அமுங்கினால்தான் நிறுத்துவோம், அமுங்காத மெத்தையை நல்ல மெத்தை என்று முத்திரை குத்துவோம், அந்த மெஷினுக்கு நான்தான் பொறுப்பு… நல்ல மெத்தையாக இருப்பதில் இருக்கிற கஷ்டம் என்னவென்றால், நல்ல மெத்தை என்று தெரிந்தால் இன்னும் கொஞ்ச நேரம் உருட்டிப் பார்ப்போமே என்று தோன்றும்.

ஆனால் இந்த வருஷம் வண்டிக்கும் எனக்கும் நடுவில் ஒருவர் இருக்கிறார். இதுதான் புதுசு. டயர் கம்பெனிக்காரர்களும் கடைசியில் விதிமுறைப் புத்தகத்தைப் படித்துவிட்டார்கள். காலையில் கிளம்புகிற இடத்தில், என் வயசுதான் இருக்கும், ஒல்லி, வெள்ளை மீசை, இரண்டு பேர் புகுந்துகொள்ளக்கூடிய பெரிய சட்டை, ‘நிற்காத சக்கரம்’ என்று நெஞ்சில் எழுதியிருக்கிறது, புத்தம் புது ஷூ, அதில் விலைச்சீட்டுத் தொங்கிய நூல் இன்னும் அறுபடாமல் ஆடிக்கொண்டிருந்தது, டயர் கம்பெனி கேன்டீனில் சமையல்காரராம், எங்கிருந்தோ பிடித்து வந்துவிட்டார்கள். மேனேஜர் என் தோளில் கைபோட்டுத் தனியாகக் கூட்டிப் போனார், அவர் தோளில் கை போடுகிறார் என்றாலே எனக்கு முட்டி வலிக்கும். “அண்ணே, கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். பசங்க பிரிவு எல்லாத்துலயும் அவனுங்களும் நாமளும் கிட்டத்தட்ட சமம். உங்க பிரிவுதான் முடிவு பண்ணும். நீங்க அவரை முந்திட்டீங்கன்னா பத்தாவது கோப்பை நம்ம கைல. பேனர் அடிச்சாச்சு. அப்புறம்…” என்று குரலைத் தாழ்த்தினார், பிறந்தநாள் பரிசைக் கொடுப்பவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார், “ரிட்டையர்மென்ட்டைப் பத்திக் கவலைப்படாதீங்க, முதலாளிகிட்டப் பேசிட்டேன், கோப்பை வந்த கையோட உங்களுக்கு ரெண்டு வருஷம் எக்ஸ்டென்ஷன். நீங்க இல்லாம எப்படிண்ணே கிளப்பு?” நான் என்ன சொன்னேன் என்று சொல்லவும் வேண்டுமா. ‘சரிங்க சார்.’

அப்புறம்தான், முதல் பாலத்தைத் தாண்டும்போது, அது எனக்கு விளங்கியது. கடவுள் வெள்ளை மீசை வைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் ஓடி வருகிறார்! ஓடாமல் நின்றுவிட்டால் துரோகி, வண்டியில் ஏறிவிட்டால் கிளப்பையே கவிழ்த்தவன், மேனேஜர் முகத்தில் முழிக்க முடியாது, முழித்துத்தான் ஆகவேண்டும், திங்கட்கிழமை எட்டு மணிக்கு மெஷினைப் போட வேண்டும். ஆனால் ஓடி, உயிரைக் கொடுத்து ஓடி, பாவம் இரண்டாவது வந்துவிட்டால்? யார் என்ன சொல்ல முடியும்? ‘அண்ணனுக்கு வயசாகிடுச்சு’ என்பார்கள், அந்த வாக்கியத்தை யாராவது சொல்ல மாட்டார்களா என்றுதானே இத்தனை வருஷம் காத்திருக்கிறேன், வேறு ஆளைத் தேடுவார்கள், வாசலில் பஸ்ஸைத் துரத்துகிறவன் இன்னொருவன் இல்லாமலா போய்விடுவான். ஆக இன்றைக்கு எனக்கு இருக்கிற ஒரே வேலை, கெடுவுக்குள், கௌரவமாக, அந்தச் சமையல்காரருக்கு ஒரு அடி பின்னால் போய்ச் சேருவது. நான் மூன்று வார்த்தையைக்கூடச் சொல்ல வேண்டாம், கால் சொல்லிவிடும். வேகத்தைக் குறைத்தேன்.

அவரும் குறைத்தார். சரி, களைத்திருப்பார் என்று இன்னும் கொஞ்சம் குறைத்தேன், திரும்பிப் பார்த்தால் அதே இடைவெளி, யாரோ கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போவது போல. தண்ணீர் கொடுக்கிற மேசையில் நின்று ஒரு டம்ளரைக் குடித்தேன், இன்னொரு டம்ளரைக் குடித்தேன், அவரும் பக்கத்தில் வந்து நின்று தண்ணீர் குடித்தார், எனக்கு வயிறு முட்டிவிட்டது, அவர் மூன்றாவது டம்ளருக்குக் கை நீட்டினார், சமையல்காரர், கொள்ளளவு அதிகம். அவிழாத ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினேன், அவர் ஓரமாக ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு இடது காலை நீட்டினார், வலது காலை நீட்டினார், இல்லாத மூன்றாவது காலையும் நீட்டிவிடுவார் போல இருந்தது. மேல்மாடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் ஒருவர் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார், ஓட்டப் பந்தயத்தில் இப்படி ஒன்றை அவர் பார்த்திருக்க மாட்டார். வண்டி வந்து எங்கள் பின்னால் நின்றது, “அங்கிள்ஸ், ப்ளீஸ்!” என்றது, வேறு வழியில்லாமல் இருவரும் ஒன்றாக ஓட ஆரம்பித்தோம், தோளோடு தோளாக, ஒருவருக்கொருவர் அரை அடி விட்டுக்கொடுத்துக்கொண்டே. கல்யாணப் பந்தியில்கூட நான் இவ்வளவு உபசாரத்தைப் பார்த்ததில்லை.

தொழிற்பேட்டைச் சுவர் முடிகிற இடத்தில் அவர்தான் பேச்சை எடுத்தார். “சார், தப்பா நெனச்சுக்காதீங்க.” “சொல்லுங்க.” “நீங்க கொஞ்சம் முன்னாடி போயிட்டீங்கன்னா எனக்குப் பெரிய உதவியா இருக்கும்.” “அதைத்தாங்க நானும் உங்ககிட்ட எப்படிக் கேக்கறதுன்னு யோசிச்சுக்கிட்டு வர்றேன்” என்றேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம், ஒரே பெண்ணுக்கு முறை சொல்லிக்கொண்டு வந்த இரண்டு மாப்பிள்ளைகள் மாதிரி. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அது இருமலாக மாறி, இருமிக்கொண்டே ஓடினார். “அப்ப உங்களுக்கும் ரெண்டாவதுதான் வேணுமா?” “ஆமாங்க.” “அது ஒண்ணுதானே சார் இருக்கு!” என்றார். எவ்வளவு பெரிய உண்மை, முதலிடத்தை எனக்கு ஒன்பது தடவை கொடுத்தார்கள், இந்த ரெண்டாவது இடம் உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கிறது, அதற்கும் போட்டி. ரெண்டு பேரும் ஒன்றாகக் கையைக் கோத்துக்கொண்டு கோட்டைத் தாண்டிவிடலாமே என்றார் அவர், நல்ல மனுஷன், விதிமுறைப் புத்தகம் தெரியாதவர், எனக்குத் தெரியும், மேனேஜர் அதை எனக்கு மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறார், சமமாக வந்தால் வயதில் மூத்தவருக்கு முதலிடம். “நீங்க எந்த வருஷம்?” “அது சரியாத் தெரியாது சார், அறுபது ஆக இன்னும் ரெண்டு வருஷம் இருக்குன்னு ஆபீஸ்ல எழுதியிருக்கு.” எனக்கு ஒரு வருஷம்தான் இருக்கிறது. மூத்துப் பிறந்ததற்கு வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே சலுகை, அதுவும் இன்றைக்கா கிடைக்க வேண்டும்.

முட்டியைச் சொன்னேன். டாக்டர் படத்தைத் தூக்கிப் பிடித்ததைச் சொன்னேன், வீட்டுக்காரி வந்து நிற்கப் போவதைச் சொன்னேன், எக்ஸ்டென்ஷனைச் சொன்னேன், யாரிடமும் சொல்லாத ஞாயிற்றுக்கிழமை வெயிலைக்கூடச் சொன்னேன், ஓடுகிறபோது வாய் திறந்தேதான் இருக்கிறது, வார்த்தைகள் விழுந்துகொண்டே வருகின்றன. அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே வந்தார், “ஐயோ பாவம்” என்று இரண்டு இடத்தில் சொன்னார், அப்பாடா, மனுஷன் இளகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அவர் சொன்னார், “உங்களைப் பாத்துதான் சார் எனக்குப் பயமே.” என்னையா? “காலையில எங்க ஆளு தூரத்துல இருந்து உங்களைக் காட்டுனான். ‘அதோ பாருங்க பெரியவரே, அவரு ஒன்பது வருஷமா ஓடுறாரு. இன்னைக்கு நீங்க ஜெயிச்சிட்டா அடுத்த ஒன்பது வருஷம் நீங்கதான், நாங்களும் ஒரு அலமாரி செய்யப் போறோம்’னான். உங்க மூஞ்சியைப் பாத்தேன் சார், கோவிச்சுக்காதீங்க, டிரெய்ன்ல தூங்கிப்போயி இறங்க வேண்டிய ஊரை விட்டவன் மாதிரி நின்னுக்கிட்டிருந்தீங்க. வாரத்துல ஆறு நாளு விடியறதுக்கு முன்னாடி அடுப்புகிட்ட நிக்கிறேன். ஞாயித்துக்கிழமை ஒரு நாளு உக்காரணும் சார். வேற ஒண்ணும் வேணாம். சும்மா உக்காரணும்.”

கோபம் வந்தது, உடனே போய்விட்டது, கோபப்பட வேண்டுமென்றால் அவர் சொன்னது பொய்யாக இருக்க வேண்டும். அதே மூஞ்சியைத்தான் ஒன்பது வருஷமாகக் கம்பெனி வாசலில் ஆள் உயரப் படமாக மாட்டி வைத்திருக்கிறார்கள், ‘எங்கள் உறுதியின் முகம்’ என்று கீழே எழுதி. யாரும் சொல்லவில்லையே, ஐயா இது உறுதி இல்லை, ஊரை விட்டுவிட்டு விழித்துக்கொண்ட முகம் என்று, ஒரு சமையல்காரர் ஒரே பார்வையில்… ஒருவேளை எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்ததோ, தெரிந்துகொண்டேதான் ‘வாழ்த்துகள் அண்ணே’ என்றார்களோ? அவருடைய புது ஷூ ‘டப் டப்’ என்று பக்கத்தில் அடித்துக்கொண்டிருக்கிறது, குதிகாலைக் கடிக்கிறது போலிருக்கிறது, காலைச் சாய்த்துச் சாய்த்து வைக்கிறார், இன்னும் நாலு மாதத்தில் பழகிவிடும், நான் சொல்லலாம், பழகிவிடும் என்று, சொன்னால் அழுதுவிடுவார். இவர் இரண்டாவதாக வந்தால் தப்பித்தார், இந்த ஒரு வருஷத்தோடு விட்டுவிடுவார்கள், நான் எப்படியும் மாட்டிக்கொண்டவன், மாட்டிக்கொண்டவன் இன்னும் கொஞ்சம் மாட்டிக்கொள்வதில் என்ன வந்துவிடப் போகிறது, விளக்கு எரிகிற அலமாரியில் இன்னொரு கோப்பை, அவ்வளவுதானே, தவிர… தவிர, ஜெயித்துவிட்டும் சொல்லலாமே. ஆமாம், ஏன் சொல்லக்கூடாது. பத்தாவது கோப்பையை மேனேஜர் கையில் கொடுத்துவிட்டு, வாழைப்பழத்தை வாங்காமல், ‘சார், இதோட நிறுத்திக்கிறேன்’. இன்னும் அழகாகக்கூட இருக்கும். போன வருஷமும் இதே மாதிரி ஒரு அழகு தோன்றியது, அதற்கு முந்தின வருஷமும்.

“சரிங்க, நான் முன்னாடி போறேன்” என்றேன். சொன்னது நான்தான். அவர் நம்பவில்லை, “நெஜமாவா சார்?” என்றார், கையெடுத்துக் கும்பிட வந்தார், ஓடிக்கொண்டே கும்பிட்டால் விழுந்து வைப்பார் என்று தடுத்தேன். “உங்க முட்டி?” என்றார். “அது கெடக்குது.” எவ்வளவு பெரிய வள்ளல் நான்! வாழ்க்கையில் முதல் தடவையாக என் கையில் இன்னொருவருக்குக் கொடுப்பதற்கு ஏதோ ஒன்று இருக்கிறது, இரண்டாவது இடம், கொடுத்தாகிவிட்டது, நெஞ்சு லேசாக இருக்கிறது, முட்டிதான் கனக்கிறது. “மெதுவா வாங்க, ஆனா வண்டி தாண்டிடாமப் பாத்துக்கங்க” என்று அண்ணன் மாதிரி புத்திமதி சொல்லிவிட்டு ஓர் அடி, இரண்டு அடி, ஒரு விளக்குக் கம்பம் அளவுக்கு முன்னால் வந்துவிட்டேன். இப்போது மேம்பாலம் ஏறுகிறது. இதன் உச்சியில் போனால் முடிவுக்கோடு தெரியும், மைதானத்துப் பந்தல், கொடி, இரண்டு கம்பெனியின் பேனர். அதற்கு முன்னாலேயே மைக் கேட்க ஆரம்பித்துவிட்டது, காற்றில் போய் வந்து, போய் வந்து… மேனேஜர் குரல். வேகமாக ஓடிய பையன்களெல்லாம் எப்போதோ வந்து, குளித்து, தலை சீவி, பிஸ்கட் தின்றுவிட்டு, இரண்டு கிழவர்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் நுரையீரலைப் பிய்த்துக்கொண்டு ஓடியதெல்லாம் சமமாகிப் போய், ஒருவன் முட்டியிலும் இன்னொருவர் காலைக் கடிக்கிற ஷூவிலும் வந்து நிற்கிறது கிளப்பின் மானம், இதைத்தான் முதலாளி ‘விளையாட்டின் மகத்துவம்’ என்று இன்றைக்குச் சாயங்காலம் ஒரு மணி நேரம் பேசப் போகிறார்.

உச்சிக்கு வந்துவிட்டேன். இனி இறக்கம். கூட்டம் எறும்பு மாதிரி தெரிகிறது. “அதோ, அதோ வர்றாரு நம்ம அஞ்சு பாயிண்ட்!” என்று மைக் அலறுகிறது, பேனரில் ‘தொடர்ந்து பத்தாவது முறை’ என்று இருக்கிறது, எழுத்தை இவ்வளவு தூரத்திலிருந்தே படிக்க முடிகிறது, எவ்வளவு நம்பிக்கை… அப்போதுதான் அது கேட்டது. ‘டப் டப் டப்.’ வண்டிச் சத்தம் எனக்கு அத்துப்படி, இது வண்டி இல்லை. புது ஷூ. முன்பு மாதிரி சாய்ந்து சாய்ந்து வரவில்லை, நெருக்கமாக, கிட்ட, இன்னும் கிட்ட வருகிறது. திரும்பிப் பார்த்தேன், சமையல்காரர் வாயைப் பிளந்துகொண்டு, பெரிய சட்டை பலூன் மாதிரி உப்பிக்கொண்டு, இறக்கத்தில் வந்துகொண்டிருக்கிறார், கண் என்னைப் பார்க்கவில்லை, என்னைத் தாண்டிக் கீழே எங்கேயோ பார்க்கிறது. “என்னங்க?” என்று கத்தினேன். “தெரியலையே சார்!” என்று கத்தினார், சத்தியமாகத் தெரியாத முகம்தான், மைக் அவருக்கும் கேட்டிருக்கும், அவர்கள் ஆளும் அங்கே ‘பெரியவரே, பெரியவரே’ என்று துள்ளிக்கொண்டிருக்கிறான், நாங்கள் இரண்டு பேரும் சுவரோரம் பேசி எடுத்த முடிவு கால்களுக்குச் சுற்றறிக்கையாகப் போகவில்லை போலிருக்கிறது. நல்லது, நல்லதுதானே! விட்டுவிடு. ஒதுங்கு, தாண்டிப் போகட்டும். இதைத்தானே காலையிலிருந்து வேண்டினாய், ரெண்டாவது இடம் தானாக ஓடி வந்து முதுகில் மூச்சு விடுகிறது, ஓர் அடி குறைத்தால் போதும், ஒரே ஓர் அடி, கேமரா, பேனர், மேனேஜர் எல்லோரும் பார்க்க, நியாயமாக, கௌரவமாகத் தோற்றுப்போகலாம், யாருக்கும் சந்தேகம் வராது, அலமாரியில் காலி மாடம் காலியாகவே எரியும், ஞாயிற்றுக்கிழமை வெயில்…

குறைக்கவில்லை. குறை என்கிறேன், கால் கேட்கவில்லை, கை வேகமாக வீசுகிறது, முட்டியில் யாரோ கரண்டியால் சுரண்டுகிற மாதிரி இருக்கிறது, இருந்தும் கால் எட்டிப் போடுகிறது, எனக்குள் இவ்வளவு வேகம் இருந்ததா, பஸ்ஸைத் துரத்திய அன்றைக்குப் பிறகு இதை நான் பார்த்ததே இல்லை. ஒன்பது வருஷம் இந்த இறக்கத்தில் நான் ஓடியிருக்கிறேன், பின்னால் ஒரு காலடிச் சத்தம் கேட்டதில்லை. ஒருவர் பின்னால் வந்தால் இப்படி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இப்போது இது எனக்குப் பிடித்திருக்கிறதா என்ன? சீச்சீ. முட்டி போகப் போகிறது, ரெண்டு வருஷம் எக்ஸ்டென்ஷன், ஐயோ, பிடித்திருக்கிறதா? அவருக்கு வாக்குக் கொடுத்ததால்தான் முன்னால் போகிறேன், அவரைக் காப்பாற்றத்தான், அவரை ஒன்பது வருஷத்திலிருந்து காப்பாற்றத்தான் இவ்வளவு வேகமாக… என்று மேனேஜரிடம் சொல்லலாம், அவர் நம்புவார், வீட்டுக்காரி நம்ப மாட்டாள். அவள் எங்கே? அதோ. கயிற்றுக்கு இந்தப் பக்கம், கூட்டத்துக்கு முன்னால், கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறாள். மேனேஜர் பக்கத்தில் வாழைப்பழத்தோடு ஒருவன் தயாராக நிற்கிறான். அவள் கையைத் தூக்குகிறாள், முழங்கைக்கு மேலே, உள்ளங்கை தெரிய, வாய் ஏதோ கத்துகிறது, மைக் சத்தத்தில் கேட்கவில்லை. முப்பது வருஷமாக அவள் கையசைவைப் பார்த்தே உப்பு போதும், வாசலில் ஆள் நிற்கிறது, வாயை மூடுங்கள் என்றெல்லாம் புரிந்துகொண்டவன், இன்றைக்குப் புரியவில்லை, ‘நில்லுங்க’ என்கிறாளா, ‘விடாதீங்க, பின்னாடி வர்றாரு, ஓடுங்க’ என்கிறாளா, மூஞ்சி சிரிக்கிற மாதிரியும் இருக்கிறது, அழுகிற மாதிரியும் இருக்கிறது, ‘டப் டப்’ காதுக்குப் பின்னால் வந்துவிட்டது, அவர் மூச்சு என் தோளில் படுகிறது… என்ன சொல்கிறாள் என்று கிட்டே போனால்தான் தெரியும், கிட்டே போக வேண்டுமென்றால் ஓடித்தான்…